மாற்றுக் குறைந்த வெள்ளி: ஒல்லாந்தச் சில்லறை சேர்ப்பவருக்கு

மட்டக்களப்பில் யாராவது "பழைய காசு ஒண்டு இருக்கு" என்று சொல்லிக் கையை விரித்தால், உள்ளங்கையில் பெரும்பாலும் செம்புத் துட்டுத்தான் இருக்கும். ஒரு பக்கம் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தையும் பின்னிப் போட்ட கொம்பனி முத்திரை, அதன் கீழ் ஆண்டு. மறுபக்கம் சிங்கம் பொறித்த கேடயம். 1726 முதல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்காக நெதர்லாந்து மாகாணங்களின் நாணயச்சாலைகளில் அடித்துக் கப்பலில் ஏற்றிய காசு அது. பணத்துக்கு நாம் சொல்லும் 'துட்டு' என்ற சொல்லே அதன் பெயரிலிருந்து வந்ததுதான். துட்டைப் பற்றிச் சொல்ல இங்கே பலர் உண்டு. இந்த அத்தியாயம், அதே கொம்பனிக் கப்பல்களில் வந்தும் கவனிப்பாரற்றுப் போன இன்னொரு சில்லறையைப் பற்றியது. வெள்ளி என்றால் வெள்ளி, செம்பு என்றால் செம்பு என்று சொல்லும்படி கறுத்துக் கிடக்கும் மெல்லிய காசு. அதில் கொம்பனி முத்திரை கிடையாது. அதனால்தான் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

அதன் பெயர் ஸ்டைவர். ஒன்று, இரண்டு, ஆறு என்று மூன்று அளவில் வரும். ஒற்றை ஸ்டைவர் 0.81 கிராம், இரட்டை 1.62 கிராம். ஆறு ஸ்டைவர் பெறுமதியுள்ளது ஸ்கெல்லிங், அது 4.95 கிராம். மூன்றுக்கும் மாற்று ஒன்றுதான்: ஆயிரத்தில் 583 பங்கு வெள்ளி, மீதி செம்பு.

எந்த மாகாணத்துக் காசு என்று அறிவது எளிது. இரட்டை ஸ்டைவரின் ஒரு பக்கத்தில் முடி சூடிய கேடயம், அதன் இரு புறமும் '2' என்ற இலக்கமும் 'எஸ்' என்ற எழுத்தும் இருக்கும். மறுபக்கத்தில் மாகாணத்தின் பெயர் மூன்று வரியாக உடைந்து கிடக்கும்: ஹொல், லன், டியா என்றால் ஒல்லாந்து, சே, லன், டியா என்றால் சேலாந்து, த்ரா, யெக், தும் என்றால் உத்ரெக்ட். 18ஆம் நூற்றாண்டின் ஒற்றை ஸ்டைவரில் கேடயத்துக்குப் பதில் ஒரு கட்டு அம்பு. தேய்ந்தால் அது ஈர்க்குக் கட்டுப் போலத் தெரியும். ஒல்லாந்தர்களே அதை 'விளக்குமாற்று ஸ்டைவர்' என்றுதான் அழைத்தார்கள். ஸ்கெல்லிங்கில் பாய் விரித்த கப்பல் ஓடும். வாவிக்கரையில் பிறந்த எவருக்கும் அந்தக் கப்பலைப் பார்த்தால் கை நீளும். சேர்க்கத் தொடங்குபவர் அதிலிருந்து தொடங்குவதே நல்லது, அழகுக்காக மட்டுமல்ல. காரணம் நிறுவைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

இந்தக் காசுகளுக்கும் நமக்கும் என்ன உறவு? 1602ஆம் ஆண்டு யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற்றலைவன் மட்டக்களப்புக் கரைக்கு வந்து, இங்கிருந்துதான் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணப் புறப்பட்டான். 1628இல் போர்த்துக்கீசர் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638 மே 18ஆம் திகதி, அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. இடையில் விட்டும் பிடித்தும் 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை அவர்கள் கொடி இந்தத் தீவில் இருந்தது. படைவீரனுக்குச் சம்பளம், நெல்லுக்கு விலை, தோணிக்குக் கூலி என்று எல்லாவற்றுக்கும் சில்லறை வேண்டியிருந்தது. நாம் இன்றும் கந்தோருக்குப் போகிறோம், லாச்சியைத் திறக்கிறோம். இரண்டும் அவர்கள் விட்டுப்போன சொற்கள். காசும் அப்படித்தான் அலுமாரி லாச்சிகளில் தங்கிவிட்டது.

வெள்ளி ஏன் குறைந்தது?

'மாற்றுக் குறைந்தது' என்றவுடன் ஏமாற்று என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கொம்பனி கீழைநாட்டு வணிகத்துக்கு அனுப்பிய பெரிய காசு டுகாட்டன். 32.78 கிராம், ஆயிரத்துக்கு 941 மாற்று, தாய்நாட்டில் 63 ஸ்டைவர் பெறுமதி. அதிலுள்ள தனி வெள்ளி ஏறத்தாழ 30.85 கிராம், ஒரு ஸ்டைவருக்கு 0.49 கிராம் விழும். இரட்டை ஸ்டைவரில் தனி வெள்ளி 0.94 கிராம், ஒரு ஸ்டைவருக்கு 0.47. வித்தியாசம் நூற்றுக்கு நாலுகூட இல்லை. அடிகூலி சின்னக் காசுக்கு அதிகம், அதற்கே அந்தக் குறைவு சரியாகப் போய்விடும். அப்படியென்றால் செம்பு எதற்கு? ஒரு ஸ்டைவர் பெறுமதிக்குத் தனி வெள்ளியில் காசு அடித்தால் அது அரைக் கிராம்கூட வராது, மீன் செதிலைப் போல விரலிடுக்கில் நழுவும். கைக்குப் பிடிபட வேண்டும் என்பதற்காகவே செம்பைக் கலந்தார்கள். இது நேர்மையான காசு.

நேர்மையற்றதும் உண்டு. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1544 முதல் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனான். காசில் நேர்முகமாகப் பொறித்த அவனது மூக்குத்தான் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் செம்பு சிவந்து எட்டிப் பார்த்தது. குடிமக்கள் அவனுக்குச் 'செப்பு மூக்கன்' என்று பேர் வைத்தார்கள். ஜேர்மன் நாடுகளில் 1619க்கும் 1623க்கும் இடையில் சிற்றரசர்கள் போட்டி போட்டுக்கொண்டு சில்லறையைச் செம்பாக்கினார்கள். கூலிக்காரன் கையில் இருந்த காசு ஒரே பருவத்தில் செல்லாக்காசானது. ஐரோப்பியச் சில்லறையைச் சேர்ப்பவர் இந்த இரண்டு வகையையும் பிரித்தறிய வேண்டும். ஒன்று அளவுக்காகக் கலந்தது, மற்றது ஆதாயத்துக்காகக் கலந்தது.

காசின் தோல்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வையுங்கள்.

செம்பு கலந்த வெள்ளித் தகட்டை அப்படியே அடித்தால் காசு மங்கிச் சிவந்துதான் இருக்கும். அதனால் நாணயச்சாலையில் தகட்டுத் துண்டுகளைப் பழுக்கக் காய்ச்சினார்கள். மேலே உள்ள செம்பு கறுத்துப் பொருமும். பிறகு உப்பும் புளிப்புக்காரமும் கலந்த நீரில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். கறுத்த செம்பு கரைந்து போக, மேற்பரப்பில் வெள்ளி மட்டும் மெல்லிய தோலாக நிற்கும். அதன்மேல் அச்சு விழும். ஆகவே மாற்றுக் குறைந்த காசு ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மாற்று, வெளியே ஒரு மாற்று. அந்தத் தோல் காகிதத்தைவிட மெலிது. நாணயச்சாலைக்காரன் செய்த வேலையில் பாதி அந்தத் தோலில்தான் இருக்கிறது.

நெதர்லாந்தில் இருக்கும் உறவினர் ஒருவர் எனக்கு முதன்முதலாக வாங்கி அனுப்பியது சேலாந்து ஸ்கெல்லிங் ஒன்று. கறுத்திருந்தது. பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்குக்குச் செய்வதுதானே, என்ன வந்துவிடும் என்ற எண்ணம். கப்பல் பளிச்சென்று வந்தது. அடுத்த மாரிக்குள் பாய்மரத்தின் மேடான இடமெல்லாம் செம்பு நிறம் தட்டி, பள்ளங்களில் பச்சைக் களிம்பு பூத்தது. தெரிந்த தட்டார் ஐயாவிடம் கொண்டுபோனேன். கண்ணில் வில்லையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கதான் உரசினீங்களா மகன்?"

"ஓம் ஐயா. திரும்பப் பழையபடி வராதா?"

"உரசினது போனதுதான். வேணுமெண்டா வெள்ளி முலாம் போட்டுத் தரலாம். மறுகா அது அந்தக் காசில்லையே."

அந்த ஸ்கெல்லிங்கைச் சுற்றி ஓடும் இலத்தீன் வாசகம் 'இத்தா ரெலிங்குவெண்டா உத் அக்செப்தா'. பெற்றுக்கொண்டவாறே விட்டுச் செல்ல வேண்டும் என்பது பொருள். தேய்த்து முடித்த பிறகுதான் நான் அதை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அந்தக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

ஆகவே தேசிக்காய், புளி, பற்பசை, சவர்க்காரத் தூள், நகைக்கடை அமிலம் எதுவும் வேண்டாம். மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரை நாளுக்கொரு தடவை மாற்றுங்கள். உப்புக் காற்றுப் பட்ட காசுக்கு இது கட்டாயம். உப்பு உள்ளே இருக்கும்வரை செம்பு அரித்துக்கொண்டே இருக்கும். பிசுக்குப் போகாவிட்டால் அசற்றோன். அதற்கு மேல் கை வைக்காதீர்கள். சீரான கறுப்பு காசுக்குக் கேடல்ல. பொருபொருவென்று உதிரும் வெளிர்பச்சைப் பொடி கேடு. அது கண்ட காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

நகைக்கடைகளில் இப்போது எக்ஸ்-கதிர் பாய்ச்சி மாற்றுச் சொல்லும் இயந்திரம் இருக்கிறது. அதில் ஒரு ஸ்டைவரை வைத்தால் 583க்கு மேலே எண் வரலாம். இயந்திரத்தில் பிழையில்லை, அது தோலைத்தான் படிக்கிறது. உரைகல்லும் அப்படித்தான், உரைப்பதால் தோலும் போகும். விற்பவர் அந்தச் சீட்டைக் காட்டி "நல்ல வெள்ளி" என்று விலை கூட்டினால், இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நீரில் நிறுப்பது

உள்ளே என்ன இருக்கிறது என்று காசைக் காயப்படுத்தாமல் வீட்டில் அறிய எளிய வழி அடர்த்தி. வேண்டியவை: மில்லிகிராம் காட்டும் சிறு தராசு, கண்ணாடிக் குவளை, காய்ச்சி ஆறவைத்த நீர், மீன்பிடிக்கும் தங்கூசியில் மெல்லியதாக ஒரு முழம்.

முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீர்க் குவளையைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். தங்கூசியில் சுருக்கிட்டுக் காசைத் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்துங்கள். அடியையோ ஓரத்தையோ தொடக்கூடாது. குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் காசு ஒதுக்கிய நீரின் நிறை. உலர்ந்த நிறையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும். நம் ஊர் வெப்பத்தில் நீர் சற்று இலேசு, விடையை 0.996ஆல் பெருக்குங்கள்.

தனி வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96. 583 மாற்றுள்ள கலப்புக்கு 9.79 வர வேண்டும். தேயாத ஸ்கெல்லிங் நீரில் தொங்கும்போது தராசு 0.504 காட்டும். அதே எடையில் செம்பில் வெள்ளிப் பூச்சுப் போட்ட போலி 0.55ஐ எட்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்ததென்றால் உலர்ந்த நிறையே பெரும்பாலும் பொருந்தாது. தொடக்கத்தில் ஸ்கெல்லிங்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்றதற்குக் காரணம் இதுதான். இரட்டை ஸ்டைவரில் உண்மைக்கும் செம்புக்கும் இடைவெளி 0.165க்கும் 0.180க்கும் உள்ள அளவே. கடைத்தராசில் இரண்டு தசமம் மட்டும் இருந்தால் அதை நம்பிப் பிரித்தறிய முடியாது. ஒற்றை ஸ்டைவரை வீட்டில் நிறுத்து முடிவு சொல்லவே வேண்டாம். அதற்கு அச்சின் கூர்மையையும் விளிம்பையும் பார்க்கப் பழகுங்கள். வார்த்த போலியில் பரப்பு மணல் மணலாக இருக்கும், ஊசிமுனைத் துளைகள் தெரியும், விளிம்பில் தையல் போல ஒரு கோடு ஓடும்.

கை பழக ஒரு நல்ல வழி சொல்கிறேன். பாட்டியின் பழைய பேணியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட இலங்கை ஐம்பது சதக் காசுகள் கிடக்கும். எல்லாம் 5.83 கிராம். 1917 வரை அடித்தது 800 மாற்று. முதலாம் உலகப் போருக்குப் பிறகு வெள்ளி விலை ஏறவே, 1919 முதல் 550 ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்தே தன் காசை 500க்கு இறக்கியது. 1917ஆம் ஆண்டுக் காசையும் 1919ஆம் ஆண்டுக் காசையும் அடுத்தடுத்து நீரில் தொங்கவிடுங்கள். ஒன்று 0.572ஐ ஒட்டியும் மற்றது 0.596ஐ ஒட்டியும் காட்டும். இரண்டு தடவை செய்தால் அந்த வித்தியாசம் உங்கள் கைக்கு வந்துவிடும். 550 மாற்றுக் காசு கறுக்கும் விதமும் ஸ்டைவர் கறுக்கும் விதமும் ஏறத்தாழ ஒன்றே. பெரிய பணம் போடுமுன் இந்தக் காசில் ஓராண்டு பழகுங்கள்.

1815 மார்ச் 2

சேர்ப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய திகதி இது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் நடந்த அந்த நாளுக்கு முந்திய பொருளைத் தொல்பொருள் என்கிறது. இங்கே பேசும் ஒல்லாந்தக் காசு அத்தனையும் அதற்குள் வரும். மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் இன்னும் கண்டெடுக்கப்படாமல் கிடப்பது அரசின் சொத்து. உங்கள் சொந்தக் காணியில் கிணறு வெட்டும்போது வந்தாலும், உங்கள் காணி என்பதாலேயே அது உங்களுடையதாகாது. தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அருகில் கந்தோர் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்திலோ பொலிஸிலோ சொல்லிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் பயணப்பெட்டியில் இரண்டு துட்டைப் போட்டுக்கொண்டு போவதும் இதில் அடங்கும்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. கோட்டையை ஒட்டிய மண்ணிலோ படுவான்கரை வயல் வரம்பிலோ ஒரு ஸ்டைவர் எந்த ஆழத்தில், எந்த ஓட்டுத் துண்டோடு கிடந்தது என்பது தெரிந்தால், அந்த இடத்துக்குச் சில்லறை எப்போது வந்தது என்று சொல்லலாம். இரவோடிரவாகத் தோண்டி எடுத்த காசுக்கு அந்த வாய் இல்லை. நம் பகுதியைப் பற்றிய எழுத்துச் சான்று போதாத நிலையில், மண் சொல்லும் சாட்சியையும் நாமே அழித்தால் பிறகு யாரைக் கேட்பது? மண் ஒட்டிய காசை யாராவது குறைந்த விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள்.

அப்படியானால் எங்கே வாங்குவது? குடும்பத்தில் தலைமுறையாக இருந்தவை ஒரு வழி. மற்றது, நான் பரிந்துரைப்பது, நெதர்லாந்து நாணய வணிகர்கள். அங்கே ஸ்டைவரும் ஸ்கெல்லிங்கும் பழைய வீட்டுச் சேமிப்புகளிலிருந்து இன்னும் சந்தைக்கு வருகின்றன. பற்றுச்சீட்டு, தபால் உறை, சுங்கத் தாள் எல்லாவற்றையும் காசோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் இந்த மண்ணிலிருந்து எடுத்ததல்ல என்று காட்ட அவைதான் சான்று. மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த காசு என்று சான்றிதழோடு விற்பதும் உண்டு. 1743இல் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளருகே மூழ்கி 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஹொலாண்டியா' கப்பலின் வெள்ளி அப்படி வந்ததே. கடல் தின்ற காசு நிறை குறைந்து பரப்பு குழிந்திருக்கும். மேலே சொன்ன நிறுவைக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

கடைகளில் சுற்றுலாப் பயணிக்கு விற்கும் பளபளத்த 'கொம்பனிக் காசு' புது வார்ப்பு. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நூலில் பார்த்துப் படிக்க எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூலே இன்றும் முதல் நூல். கண்ணால் பார்க்கக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்கும், கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய வங்கியின் நாணய அருங்காட்சியகத்துக்கும் ஒரு தடவையாவது போய் வாருங்கள்.

வாவிக்காற்றில் வைத்துக் காப்பது

கச்சான் காலத்தில் பயமில்லை. வாடை தொடங்கி மாரி முடியும்வரைதான் பாடு. இரு பக்கமும் நீர் சூழ்ந்த ஊரில் சுவரே வேர்க்கும். மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறைகள் சில ஆண்டில் பச்சைப் பிசினாகக் கசியும். கெட்டியான, மணமற்ற பொலியெஸ்டர் உறையே வேண்டும். இறப்பர் பட்டி வெள்ளியைக் கறுக்கும். மர லாச்சியின் ஆவியும் ஆகாது. எவ்வளவு அழகான பழைய பெட்டியானாலும் காசை அதில் நேரே போடாதீர்கள். இறுக மூடும் பேணியில் சிலிக்கா மணிப் பொட்டலம் போட்டு வையுங்கள். மணி நிறம் மாறினால் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தெடுத்து ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். காசை விளிம்பில் பிடியுங்கள், வியர்வையும் உப்புநீர்தான்.

2004 திசம்பர் 26ஆம் திகதி காலை ஆழிப்பேரலையில் கடலோரத்தில் வீட்டோடு எவ்வளவோ போயிற்று. அந்த இழப்பின் முன் காசு பெரிதல்ல. ஆனாலும் காசின் படமும் குறிப்பும் இன்னொரு ஊரில், இன்னொருவர் வீட்டில் ஒரு பிரதியாக இருக்கட்டும். குறிப்பு எழுதும் விதத்துக்கு என் அட்டைகளில் ஒன்றை அப்படியே தருகிறேன்:

"இரட்டை ஸ்டைவர், ஒல்லாந்து. உலர்நிறை 1.548. நீரில் 0.159. அடர்த்தி திருத்தத்துடன் 9.70, தேய்வு, சிறு அழுக்கு. முடியின் இடப் பக்கம் மங்கல், செம்பு தெரியவில்லை. வந்த வழி: பெரியம்மா வீட்டு அலுமாரி லாச்சி, அவரின் மாமியார் கொடுத்தது. பெரியம்மா வாய்மொழி, நான் கேட்டு எழுதியது. சுத்தம் செய்யவில்லை."

அட்டையைப் பென்சிலில் எழுதுங்கள். மை நம் ஊர் ஈரத்தில் ஊறிப் பரவிவிடும்.